உவர்க்காற்றில் ஓர் ஊசியிலை மரம்

மூன்றாமாண்டுத் தாவரவியல் மாணவர்

தாழையும் புன்னையும் பூவரசும் நம் நெய்தல் நிலத்தின் செல்வங்கள். பனையோ நம் மாவட்டத்தின் அடையாளம். இவற்றுக்கிடையே, வாழ்த்து அட்டைகளில் பனி படர்ந்து நிற்கும் ஊசியிலை மரத்துக்கு இராமநாதபுரம் கடற்கரையில் என்ன வேலை என்று யாரேனும் கேட்டால், அக்கேள்வி நியாயமானதே. ஆயினும் ஆசை யாரை விட்டது? மார்கழி மாதம் பிறந்தால் நாற்றுப் பண்ணைகளில் அடுக்கடுக்காய்க் கிளை விரித்து நிற்கும் ‘கிறிஸ்துமஸ் மர’க் கன்றுகளைக் கண்டு மயங்காதவர் சிலரே. வாங்குகிறோம், வாசலில் நடுகிறோம், சித்திரை வெயிலில் அது காய்ந்து போவதைக் கண்டு வருந்துகிறோம்.

எங்கள் வீட்டிலும் இதுவே நடந்தது. நாள் தவறாமல் கன்றுக்கு ஒரு வாளி கிணற்று நீர் ஊற்றினோம். பங்குனியில் ஊசிகளின் நுனி பழுக்கத் தொடங்கியது. நீர் போதவில்லை போலும் என்றெண்ணி இரண்டு வாளியாக்கினோம். சித்திரை முடியுமுன் கன்று விறகாயிற்று. நாங்கள் அதை நீரின்றிக் கொல்லவில்லை. நீரூற்றியே கொன்றோம் என்பது தாவரவியல் படித்த பிறகே விளங்கியது. அந்தத் தவற்றை மற்றவர் செய்ய வேண்டாம் என்னும் எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

சவுக்கு ஊசியிலை மரமா?

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக் கொள்வோம். ‘நம் கடற்கரையில்தான் சவுக்குத் தோப்புகள் இருக்கின்றனவே, அவையும் ஊசியிலை மரங்கள்தாமே?’ என்று பலர் கேட்பர். கிறிஸ்துமஸ் நாளில் சவுக்குக் கிளையை வெட்டி வந்து அலங்கரிக்கும் வழக்கமும் நம் ஊர்களில் உண்டு. ஆனால் சவுக்கு ஊசியிலை மரம் அன்று.

கேசுவரைனா ஈக்விசிடிஃபோலியா என்பது சவுக்கின் தாவரவியல் பெயர். அதன் ‘ஊசி’ ஒன்றை எடுத்து இழுத்துப் பாருங்கள். கணுக்கணுவாகக் கழன்று வரும். அது இலையன்று, பசுமையான சிறுகிளை. உண்மையான இலைகள் ஒவ்வொரு கணுவிலும் வட்டமாக அமைந்த நுண்ணிய செதில்கள். அதன் ‘கூம்பு’ம் கூம்பன்று; பல சிறு கனிகள் சேர்ந்து மரக்கட்டை போல் இறுகிய தொகுதி. சவுக்கு பூக்கும் தாவரம். வேப்பமரத்துக்கும் புளியமரத்துக்கும் தூரத்து உறவு.

உண்மையான ஊசியிலை மரங்களோ ஜிம்னோஸ்பெர்ம் என்னும் பிரிவைச் சார்ந்தவை. அவற்றின் வித்துகள் கனிக்குள் மூடப்பெறாமல், கூம்பின் செதில்கள் மேல் அமைந்திருக்கும். இவற்றைக் கோனிஃபர் என்பர். தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளரும் கோனிஃபர் ஒன்றே ஒன்றுதான். நாகியா வாலிச்சியானா என்னும் அம்மரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி மழைக்காடுகளில் வாழ்கிறது. அதற்கு ஊசியிலை கூட இல்லை. அகன்ற இலையே உண்டு! கொடைக்கானலிலும் உதகையிலும் நாம் காணும் பைன் மரங்கள் எல்லாம் மனிதர் கொண்டுவந்து நட்டவை. குளிர்ந்த மலைச்சரிவில் வளரும் அப்பைன்களை நம் ஊருக்குக் கொண்டுவர நினைப்பது வீண் முயற்சி.

அப்படியானால் நம் கடற்கரைக்கு ஏற்ற கோனிஃபர் எது?

தீவில் பிறந்த மரம்

பசிபிக் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் வடக்கே நியூ கலிடோனியாவுக்கும் இடைப்பட்ட பரப்பில் நார்போக் என்னும் தீவு உள்ளது. பரப்பளவு ஏறத்தாழ 35 சதுர கிலோமீட்டர்தான். 1774-ஆம் ஆண்டு கேப்டன் ஜேம்ஸ் குக் தம் இரண்டாம் கடற்பயணத்தில் இத்தீவைக் கண்டார். நெடுநெடுவென நேராக உயர்ந்து நின்ற மரங்களைப் பார்த்து, ‘பாய்மரக் கம்பத்துக்கு இதைவிடச் சிறந்த மரம் உண்டோ’ என்று ஆங்கிலேயர் மகிழ்ந்தனர். 1788-இல் அங்கே குடியேற்றமும் அமைத்தனர். ஆனால் அறுத்துப் பார்த்தபோது அம்மரத்தின் கட்டை கம்பத்துக்கு வேண்டிய உறுதியுடையதாக இல்லை. கம்பமாக முடியாத மரம் உலகத் தோட்டங்களின் அழகுமரமாயிற்று. இன்று அத்தீவின் கொடியில் நடுநாயகமாக நிற்பதும் இம்மரமே.

இதுவே அரக்கேரியா ஹெட்டிரோஃபில்லா. பழைய நூல்களில் அரக்கேரியா எக்செல்சா என்னும் பெயரில் காணப்படும். கடற்காற்றிலேயே பிறந்து வளர்ந்த இனம் ஆதலால், உப்புக் காற்றைத் தாங்கும் திறன் இதற்கு இயல்பாகவே உண்டு. நம் நாட்டுத் தோட்டங்களில் இதன் உடன்பிறப்பு ஒன்றும் மிகுதியாகக் காணப்படுகிறது. நியூ கலிடோனியாவைத் தாயகமாகக் கொண்ட அரக்கேரியா கொலம்னாரிஸ் என்பது அதன் பெயர். அரக்கேரியா குக்கியை என்பது பழைய பெயர். கன்றுப் பருவத்தில் இரண்டையும் வேறுபடுத்துவது கடினம். நாற்றுப் பண்ணைகளில் ஒன்றின் பெயரில் மற்றொன்று விற்கப்படுவதும் உண்டு. வளர்ந்த பின் வேறுபாடு தெரியும். முன்னது அகன்ற கோபுரம் போல் விரியும். பின்னது ஒடுங்கிய தூண் போல் உயரும். அதன் பட்டை காகிதம் போல் உரியும். வளர்ப்பு முறை இரண்டுக்கும் ஒன்றே.

இக்குடும்பம் இந்திய மண்ணுக்கு முற்றிலும் புதியதும் அன்று. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் இராஜ்மகால் மலைப் பாறைகளில் அரக்கேரியா குடும்பத்துக் கூம்புச் செதில்களின் தொல்லுயிர்ப் பதிவுகள் கிடைத்துள்ளன. பேராசிரியர் பீர்பால் சாஹ்னி இந்தியாவின் தொல்லுயிர்க் கோனிஃபர்களை ஆராய்ந்து 1928-லும் 1931-லும் விரிவான நூல்களை வெளியிட்டார். கோண்டுவானா என்னும் பெருங்கண்டத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒட்டிக் கிடந்த காலத்தின் சாட்சிகள் அவை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சென்ற விருந்தாளி மீண்டும் வந்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

இலையில் படும் உப்பும் வேரில் சேரும் உப்பும்

கடற்காற்றைத் தாங்கும் மரம் என்றால் எங்கள் வீட்டுக் கன்று ஏன் செத்தது? இங்குதான் நாம் ஓர் உண்மையைத் தெளிவாக உணர வேண்டும். காற்றில் வந்து இலையில் படியும் உப்பு வேறு. நீரில் வந்து வேரடியில் சேரும் உப்பு வேறு.

அரக்கேரியாவின் இலைமேல் மெழுகுப் படலம் ஒன்று உண்டு. காற்றில் வரும் உப்புத் துளி அதன்மேல் உருண்டு ஓடிவிடும், உள்ளே நுழைவதில்லை. இதற்கு ஒரு சான்று ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. சிட்னி நகரத்தின் மேன்லிக் கடற்கரையில் வரிசையாக நிற்கும் நார்போக் மரங்கள் புகழ்பெற்றவை. 1960-களிலும் 1970-களிலும் அவை காரணம் தெரியாமல் பட்டுப் போகத் தொடங்கின. ஆராய்ந்தபோது, நகரக் கழிவுநீருடன் கடலில் கலந்த சலவைத்தூள் பொருள்களே குற்றவாளி என்று தெரிந்தது. கடல் தெளிப்பில் கலந்து வந்த அப்பொருள்கள் மெழுகின் காவலை முறித்து, உப்பு இலைக்குள் புக வழி திறந்துவிட்டன. காலங்காலமாக உப்பைத் தாங்கிய மரம், சோப்பு கலந்த உப்பைத் தாங்கவில்லை!

வேருக்கோ இத்தகைய கவசம் இல்லை. இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாக்கில் இலேசாகக் கரிக்கும் கிணற்று நீரில் லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 10 லிட்டர் ஊற்றினால் குழியில் சேரும் உப்பு 20 கிராம். நூறு நாளில் 2 கிலோ! நீர் ஆவியாகிப் போய்விடும். உப்பு ஆவியாகாது, மண்ணிலேயே தங்கிவிடும். மண்நீரின் உப்புச் செறிவு ஏற ஏற, சவ்வூடு பரவல் விதிப்படி வேர் நீரை உறிஞ்சுவது கடினமாகிறது. குழி ஈரமாயிருந்தும் மரம் தாகத்தால் வாடும். அதைக் கண்டு மேலும் உப்புநீர் ஊற்றினால் முடிவு விரைந்து வரும். எங்கள் கன்றின் கதை இதுதான்.

ஆகவே நம் கடற்கரையில் இம்மரம் வளர்க்க விரும்புவோர் முதலில் கன்று தேடக் கூடாது. நல்ல நீரைத் தேட வேண்டும். கிணற்று நீரையும் மண்ணையும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து ஆய்வு செய்துகொள்வது நல்லது. உவர்நிலம் பற்றிய ஆலோசனைக்கு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் நம் இராமநாதபுரத்திலேயே அமைந்திருப்பது நமக்குக் கிடைத்த வாய்ப்பு.

நடும் காலமும் முறையும்

நம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்வது. அம்மழை மண்ணிலுள்ள உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடும். ஆதலால் முதல் மழை பெய்து மண் நனைந்தபின், ஐப்பசியில் நடுவதே சிறந்தது. மழை முடிந்த மார்கழியின் கடைசியில் வாங்கி நடுவோர், கன்றை நேரே கோடையின் கையில் ஒப்படைக்கின்றனர். மார்கழியில் வாங்கியே ஆகவேண்டுமெனில், அடுத்த ஐப்பசி வரை தொட்டியிலேயே நிழலில் வைத்துக் காப்பது அறிவுடைமை.

மலைப்பகுதி நாற்றுப் பண்ணைகளிலிருந்து வரும் கன்றுகள் மென்மையானவை. வந்தவுடன் வெயிலில் நிறுத்தக் கூடாது. இரண்டு மூன்று வாரம் நிழலிலும், பின்னர் காலை வெயில் மட்டும் படும் இடத்திலும் வைத்துப் பழக்க வேண்டும்.

குழி 3 அடி நீளம், அகலம், ஆழம் இருக்கட்டும். மண் கலவை இடத்துக்கு இடம் மாறும். மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம் போன்ற மணற்பாங்கான இடங்களில் நீர் நிற்காது, உரமும் தங்காது. அங்கே செம்மண்ணும் நன்கு மக்கிய தொழுவுரமும் மணலும் சம அளவில் கலந்து இடலாம். தென்னை நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்கும்; ஆனால் அதில் இயல்பாகவே உப்பு உண்டு. நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிய பிறகே சேர்க்க வேண்டும். முதுகுளத்தூர், கமுதி போன்ற கரிசல் பகுதிகளில் நிலைமை நேர்மாறு. அங்கே நீர் தேங்கி வேர் அழுகும். எனவே ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நட வேண்டும். இரு இடங்களிலும் குழிக்கு ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்குக் கலப்பது கரையானுக்கு எதிரான எளிய காப்பு.

தொட்டியில் நெடுநாள் இருந்த கன்றின் வேர்கள் பாம்பு போல் சுருண்டிருக்கும். அவற்றைப் பிரித்துவிட்டோ, சுருண்ட நுனிகளைக் கத்தரித்தோ நட வேண்டும். இல்லையேல் வேர் பக்கவாட்டில் பரவாது. பெருங்காற்றில் மரம் அடியோடு சாயும். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் தனுஷ்கோடியை அழித்த புயலை நம் மாவட்டம் மறக்கவில்லை. புயல் வரும் கரையில் உயர்ந்து வளரும் மரத்தை வீட்டுச் சுவரை ஒட்டியும் மின்கம்பிக்குக் கீழும் நடுவது பிழை. வீட்டிலிருந்து 30 அடியாவது தள்ளி நடுக. அவ்வளவு இடம் இல்லாதவர் நிலத்தில் நடாமல் பெரிய தொட்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். தொட்டிச் செடி ஒளியை நோக்கி வளையும். ஆதலால் வாரம் ஒருமுறை கால்வட்டம் திருப்பி வைத்தால் நேராக நிற்கும்.

நீர் ஊற்றும் கலை

தினமும் ஒரு செம்பு ஊற்றுவது தவறு. மேல்மண் மட்டும் நனைந்து, வேரும் மேலேயே தங்கிவிடும். முதலாண்டில் வாரம் இருமுறை, முறைக்கு 20 லிட்டர் நல்ல நீரை மெல்ல ஊற்றி ஆழமாக நனைக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் வாரம் ஒருமுறை போதும். மூன்றாண்டு கடந்து வேரூன்றிய மரத்துக்குக் கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் தாங்கும். அடிமரத்தைச் சுற்றிப் பனையோலை, தென்னை மட்டை, சருகு ஆகியவற்றால் நான்கு விரற்கடை கனத்துக்கு மூடாக்குப் போட்டால் ஆவியாதல் குறையும். உப்பு மேலே ஏறுவதும் குறையும். அடிமரத்தைத் தொடாமல் சற்று விலக்கிப் போடுக.

மெருகு பூசாத மண்பானையைக் கன்றின் அருகே கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடி வைப்பதும் நல்ல முறை. பானையின் நுண்துளை வழியே நீர் கசிந்து வேருக்கு மட்டும் சேரும்.

காற்றைப் பற்றியும் ஒரு சொல். வாடைக்காற்று மழையோடு வருவது. அது கொண்டுவரும் உப்பை அதன் மழையே கழுவிவிடும். வைகாசி தொடங்கி வீசும் கச்சான் காற்றோ நமக்கு மழை தருவதில்லை. மன்னார் வளைகுடாப் பக்கத்து மனைகளில் இலைமேல் படியும் உப்பு அப்படியே காய்ந்து ஒட்டியிருக்கும். அக்காலத்தில் வாரம் ஒருமுறை மாலையில் நல்ல நீரை இலைமேல் தெளித்துக் கழுவினால் மரம் தெளிவு பெறும். முதல் இரண்டாண்டு தென்மேற்கில் ஒரு பனையோலைத் தட்டி கட்டி வைப்பதும் நன்று.

ஒரே ஒரு குருத்து

அரக்கேரியாவின் அழகெல்லாம் அதன் ஒழுங்கில் இருக்கிறது. நேரான நடுத்தண்டு, அதில் சீரான இடைவெளியில் வட்டமாக ஐந்தாறு கிளைகள் கொண்ட அடுக்குகள். இந்த ஒழுங்கு முழுவதையும் நடத்துவது உச்சியிலுள்ள ஒரே நுனிக்குருத்து. அது ஒடிந்தால் கோபுரத்தின் கலசம் போனது போலத்தான். பக்கத்துக் கிளை நிமிர்ந்து அதன் இடத்தைப் பிடிப்பதில்லை. தண்டிலிருந்து புதிய குருத்துகள் கிளம்பலாம்; ஆனால் பழைய வடிவம் திரும்பாது. ஆட்டிடமிருந்தும் பந்திடமிருந்தும் இக்குருத்தைக் காக்க வேண்டும். விழா நாளில் உச்சியில் கனத்த நட்சத்திர விளக்கைக் கட்டுவோரும் இதை நினைவில் கொள்க.

இதிலிருந்து இன்னோர் அதிசயமும் தெரிகிறது. பக்கக் கிளையை வெட்டிப் பதியன் போட்டால் அது வேர் விடலாம். ஆனால் வாழ்நாள் முழுதும் தரையோடு பக்கவாட்டிலேயே வளரும்! ‘நான் கிளை’ என்ற நினைவை அது மறப்பதில்லை. நிமிர்ந்து வளரும் மரம் வேண்டுமெனில் விதையிலிருந்தோ நுனிக்குருத்திலிருந்தோதான் பெற முடியும். விதையும் விரைவில் முளைப்புத்திறனை இழந்துவிடும். எனவே கிளைத் துண்டில் வளர்ந்த கன்றை விலை குறைவென்று வாங்கி ஏமாற வேண்டாம். அடுக்குகள் நாற்புறமும் சமமாக அமைந்து, தண்டு நேராக உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில நாற்றுப் பைகளில் மூன்று நான்கு கன்றுகளைச் சேர்த்து நட்டு அடர்த்தியாகக் காட்டுவர்; நிலத்தில் நட ஒரு கன்று உள்ள பையே ஏற்றது.

அடிக்கிளைகள் ஒருமுறை உதிர்ந்தால் அவ்விடத்தில் மீண்டும் கிளைப்பதில்லை. ஆகவே அழகுக்கென்று கவாத்துச் செய்யக் கூடாது. காய்ந்த கிளையை மட்டும் நீக்கலாம்.

நோயும் குறியும்

மரம் பேசாது, நிறத்தால் சொல்லும். ஊசிகளின் நுனி மட்டும் பழுப்பாகிக் காய்ந்தால் உப்பு அல்லது வறட்சி. அப்போது நல்ல நீரைப் பலமுறை நிறைய ஊற்றி உப்பைக் கீழே இறக்க வேண்டும். அடிக்கிளைகள் தொங்கி உதிர்ந்தால் நிழல் மிகுதியோ, வேரில் நீர் தேக்கமோ காரணமாயிருக்கும். புதிய தளிர் மஞ்சளாக வெளுத்தால் இரும்புச்சத்துக் குறை. பவளப்பாறைச் சுண்ணாம்பு மிகுந்த இராமேஸ்வரம் தீவு மண்ணில் இக்குறை தோன்ற வாய்ப்பு மிகுதி. மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க இயலாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் குணம் தெரியும்.

கோடையில் சிலந்திப்பேனும், கிளைக் கக்கங்களில் மாவுப்பூச்சியும் வரலாம். நல்ல நீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பாலும் அகன்றுவிடும். சோப்புக் கரைசல் தெளிப்பவர்கள் மேன்லிக் கடற்கரையை நினைவில் கொள்க; தெளித்த மறுநாளே நல்ல நீரால் இலையைக் கழுவிவிட வேண்டும். உரம் மிகுதியாகத் தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மழைக்கு முன் ஐந்து கிலோ மக்கிய தொழுவுரம் போதும். தென்னைக்கு உப்பிடும் பழக்கத்தையும், மீன் கழிவு புதைக்கும் பழக்கத்தையும் இம்மரத்திடம் காட்டக் கூடாது.

நிலத்தில் நட இடமில்லாதவர்க்கு இன்னொரு கோனிஃபர் உண்டு. அலுவலக வாசல்களில் விசிறி மடித்தாற்போல் நிற்கும் துஜா அது. சுண்ணாம்பு மண்ணைப் பொறுத்துக்கொள்ளும், தொட்டியிலும் வளரும். ஆனால் கடலை நேரே பார்க்கும் மனைக்கு ஏற்றதன்று. இதை வெட்டி உருவம் கொடுக்கலாம். பசுமை உள்ள பகுதியோடு நிறுத்த வேண்டும். பழுப்பேறிய உட்கிளை வரை வெட்டினால் அவ்விடம் மீண்டும் தளிர்க்காது.

சாயும் மரம்: மாணவர்க்கு ஓர் ஆய்வு

அரக்கேரியா கொலம்னாரிஸ் மரத்துக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து பார்த்தனர். வடகோளத்தில் உள்ளவை தெற்கே சாய்ந்திருந்தன. தென்கோளத்தில் உள்ளவை வடக்கே சாய்ந்திருந்தன. அதாவது பெரும்பாலானவை பூமத்திய ரேகையை நோக்கியே சாய்ந்து நின்றன. சராசரிச் சாய்வு 8.55 பாகை. பூமத்திய ரேகையிலிருந்து விலக விலகச் சாய்வும் கூடியது.

நாம் இருப்பதோ ஏறத்தாழ 9 பாகை வட அட்சத்தில். அப்படியானால் நம் ஊர் மரம் தெற்கே சாய வேண்டும். ஆனால் சிறிதளவே சாய வேண்டும். கச்சான் காற்று அதை எவ்வாறு மாற்றுகிறது? ஒரு நூலும் ஒரு கல்லும் ஒரு கோணமானியும் இருந்தால் நம் மாணவர்களே அளந்து சொல்லலாம். ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் தாவரவியல் இருக்கிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இது முறையா?

இறுதியாக, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். குடிநீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் மக்கள் உள்ள மாவட்டத்தில், அழகுக்காக ஒரு மரத்துக்கு நல்ல நீரை ஊற்றுவது முறையா? தனுஷ்கோடியில் மணலைக் கையால் தோண்டி, உவர்நீருக்கு மேல் மெல்லிய படலமாக நிற்கும் நன்னீரைச் சிரட்டையால் மொண்டு குடிக்கும் மீனவர் முன் நின்று, இதற்கு நாம் விடை சொல்லியாக வேண்டும்.

குடிநீரை ஊற்றுவது முறையன்று என்பதே என் விடை. காவிரிக் கூட்டுக் குடிநீர் மனிதருக்கே உரியது. அப்படியானால் மரத்துக்கு நீர்? கணக்கே வழி காட்டுகிறது. முதலாண்டில் வாரத்துக்கு 40 லிட்டர். மழையில்லாத ஒன்பது மாதத்துக்கு ஏறத்தாழ 1,600 லிட்டர். நூறு சதுர மீட்டர் மாடிக் கூரையில் 800 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 80,000 லிட்டர்! அதில் ஐம்பதில் ஒரு பங்கைப் பிடித்து மூடிய தொட்டியில் வைத்தால் ஓராண்டுத் தேவை தீர்ந்தது. மழைநீரில் உப்பும் இல்லை. தமிழ்நாட்டில் 2003-இல் வீடுதோறும் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் குழாய் இருக்கிறது, தொட்டி இல்லை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீரும், அரிசி களைந்த நீரும் மரத்துக்கு உகந்தவையே. ஆனால் குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் நீரில் உப்புச் செறிவு கூடியிருக்கும். குளித்த சோப்பு நீரும் ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வந்த சீமைக்கருவேல் நம் கண்மாய்களை எல்லாம் கவர்ந்துகொண்ட வரலாறு நமக்குத் தெரியும். அரக்கேரியா அப்படித் தானாய்ப் பரவும் மரமன்று. நாம் நட்ட இடத்தில் நிற்கும். எனினும் அது விருந்தாளிதான். வளாகம் முழுவதும் நிழல் தர வேண்டியவை புன்னையும் பூவரசும் வேம்பும். அவற்றிடையே ஒன்றே ஒன்றாக நிற்கும்போதுதான் அந்த விருந்தாளிக்கும் அழகு.

முடிவுரை

ஊசியிலை மரம் நம் கரையில் வளரும். ஆனால் விலை கொடுத்து வாங்கியதால் மட்டும் வளராது. மழையைச் சேர்த்து வைக்கும் வீட்டில்தான் வளரும். ஒரு வகையில் அம்மரம் நம்மை அளக்கும் கோல். ஒரு வீட்டு வாசலில் அரக்கேரியா நான்கு கோடை கடந்து பசுமையாக நிற்கிறதென்றால், அந்த வீட்டார் மழைத்துளியின் மதிப்பை அறிந்தவர்கள் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆகவே நண்பர்களே, இந்த ஐப்பசியில் முதலில் தொட்டி கட்டுவோம்; மழைநீரால் அதை நிரப்புவோம்; அடுத்த ஐப்பசியில் ஒரு கன்று நடுவோம். அதற்கு முன் ஒரு பூவரசையும் நட்டுவிடுவோம்.